புகார் எங்கே நின்றுபோகிறது?

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் டண்டரோ என்றொரு சிற்றூர். அங்கே ஒரு சிறிய தொடக்கப் பள்ளி இருந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அரசு. நிர்வாகம் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் இருந்தது. அன்றாடம் அதைக் கவனித்துவந்தவர் ஒரு பாதிரியார். 1971-ல் ஒரு குழந்தையின் வீட்டிலிருந்து அவரிடம் புகார் போனது: தலைமையாசிரியர் எங்கள் பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். பாதிரியார் அதைக் கேட்டுக்கொண்டார். காவல்துறைக்குச் சொல்லவில்லை. கல்வித் துறைக்கு ஒரு வரி எழுதவில்லை. தலைமையாசிரியர் மறுநாளும் வகுப்புக்கு வந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1973-ல், அதே ஆசிரியர் அதே பள்ளியில் இசைப் பாடம் சொல்லித் தருவதாகச் சொல்லி லூயிஸ் ஓ'கீஃப் என்ற சிறுமியைச் சீரழித்தார். அவளுக்கு வயது எட்டு, ஒன்பது இருக்கும். அந்த ஆண்டு வேறு சில பெற்றோரும் புகார் சொன்னார்கள். ஊரில் கூட்டம் நடந்தது. தலைமையாசிரியர் மருத்துவ விடுப்பில் போனார், பிறகு ராஜினாமா செய்தார், இன்னொரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 1995-ல் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். பழைய மாணவி ஒருவர் பெரியவளாகிக் காவல்துறைக்குப் போன பிறகுதான் வழக்கு வந்தது. 21 மாணவிகள் தொடர்பாக 386 குற்றச்சாட்டுகள். 1998-ல் அவற்றில் மாதிரிக்கு எடுத்த 21 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு சிறை.

இந்தக் கதையில் குற்றவாளியைவிட என்னை அதிகம் உறுத்துவது அந்த 1971-ம் ஆண்டுப் புகார். ஒரு குழந்தை வாய் திறந்தது. வீட்டில் இருந்தவர்கள் நம்பினார்கள். நம்பிய கையோடு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடமே போய்ச் சொன்னார்கள். இந்த மூன்றும் நடப்பதே அபூர்வம். மூன்றும் நடந்தும் புகார் ஒரு மேசையோடு நின்றுபோனது.

சமயப் பள்ளிகளில் நடந்த கொடுமைகள் வெளிவரும்போதெல்லாம் நிர்வாகங்கள் சொல்லும் முதல் பதில், "எங்களுக்குத் தெரியாது" என்பது. கடந்த கால் நூற்றாண்டில் அயர்லாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் நாடுகளில் வெளிவந்த விசாரணை அறிக்கைகளைப் படித்தால் அந்தப் பதில் பெரும்பாலும் நிற்காது. யாருக்கோ தெரிந்திருந்தது. யாரோ ஒரு மாணவன் சொல்லியிருக்கிறான், யாரோ ஒரு தாய் அழுதிருக்கிறாள், யாரோ ஒரு இளம் ஆசிரியர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

பள்ளி என்று எடுத்தால் எங்கும் இந்தக் குற்றம் நடக்கிறது. மதச் சார்பற்ற பள்ளி, விளையாட்டு விடுதி, அரசு இல்லம் எதுவும் விலக்கல்ல. சமய நம்பிக்கை ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. அந்தப் பள்ளிகளில் உழைக்கும் பெரும்பாலோர் பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருப்பவர்கள். ஆனால் குற்றம் நடந்த பிறகு அது வெளியேறும் வழி சமயப் பள்ளியில் மிகக் குறுகலாக இருக்கிறது. அதற்குக் காரணங்கள் உண்டு.

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். அந்த வரிசைக்குள் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: நால்வரும் வேறு வேறு ஆட்கள், ஒருவர் தவறினால் மற்றவரிடம் ஓடலாம். உறைவிடச் சமயப் பள்ளியில் மாதாவும் பிதாவும் மதில் சுவருக்கு வெளியே. குருவும் தெய்வமும் ஒரே ஆளின் முகத்தில். பாடம் நடத்துபவரும் அவரே, இரவில் விடுதியைப் பூட்டுபவரும் அவரே, பாவ மன்னிப்புக் கொடுப்பவரும் அவரே, பிள்ளையின் ஒழுக்கத்துக்கு நற்சான்று எழுதுபவரும் அவரே. குருகுலம், மத்ரஸா, யெஷிவா, கான்வென்ட், இளம் துறவிகளின் மடம் என்று பெயர் மாறலாம், அமைப்பு இதுதான். அங்கே இருக்கும் குழந்தை ஆசிரியர்மேல் மட்டும் புகார் சொல்வதில்லை. தன் வீட்டார் வணங்கும் ஒன்றின்மேல் புகார் சொல்கிறது. அந்தச் சுமையை எட்டு வயதில் யார் தூக்குவது?

2013-ல் சாமியார் ஆசாராம் பாபுவின் குருகுலத்தில் படித்த 16 வயது மாணவிக்கு நடந்தது இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது, பாபாதான் தீர்க்க வேண்டும் என்று விடுதியிலிருந்து பெற்றோருக்குச் செய்தி போனது. பெற்றோர் பக்தர்கள், நம்பினார்கள், தாங்களே அழைத்துப் போனார்கள். 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம் ஆசாராமுக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது விடுதிக் காப்பாளரையும் குற்றவாளி என்றது. வெளியூரில் தனியாக இருக்கும் ஒரு பெண் முதலில் யாரிடம் ஓடியிருக்க வேண்டுமோ, அந்த ஆள்தான் விடுதிக் காப்பாளர். குடும்பம் அத்தனை பக்தியோடு இருந்தும் தகப்பன் காவல் நிலையம் போனார். வழக்கின் சாட்சிகள் பலர் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அந்தத் தகப்பன் எடுத்து வைத்த அடி எவ்வளவு பெரியது என்பதை அதிலிருந்து அளந்துகொள்ளலாம்.

சமூகத்தின் மானம் என்ற அடுத்த மதிலும் உண்டு. சிறுபான்மையாக வாழும் சமூகங்களில் இது இன்னும் உயரம். நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை ஆராய ஆஸ்திரேலிய அரசு அமைத்த ராயல் கமிஷன், மெல்போர்னிலும் சிட்னியிலும் இருந்த யெஷிவா என்ற யூதச் சமயப் பள்ளிகளை விசாரித்தபோது 'மெசிரா' என்ற யூதச் சமயக் கருத்து திரும்பத் திரும்ப வந்தது. ஒரு யூதனைப் பற்றி வெளி அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது அதன் பழைய பொருள். ஆட்சியாளர்களே யூதர்களை வேட்டையாடிய காலங்களில் அதற்கு நியாயம் இருந்தது. பிள்ளைகளைச் சீரழித்தவனுக்கு அது பொருந்தாது என்று ரபிகளே தீர்ப்புச் சொல்லியும், புகார் கொடுத்த குடும்பங்களை வழிபாட்டிடத்திலும் தெருவிலும் ஒதுக்கி வைத்தார்கள். பெயர்தான் யூத மரபுக்குரியது. பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. "வெளியே தெரிந்தால் நம்மவர்களைப் பற்றி என்ன பேசுவார்கள்" என்ற ஒரு வாக்கியம் எல்லா மதத்திலும், எல்லா மொழியிலும் உண்டு.

சரி, எப்படியோ புகார் தலைமையிடம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பெரும்பாலான புகார்கள் செத்திருக்கின்றன.

அயர்லாந்தில் ஆதரவற்ற பிள்ளைகளைத் தங்கவைக்கத் துறவற சபைகள் நடத்திய 'தொழிற்பள்ளி'களையும் சீர்திருத்தப் பள்ளிகளையும் ஆராய்ந்த ரையன் அறிக்கை 2009 மே மாதம் ஐந்து தொகுதிகளாக வந்தது. அதில் ஒரு கண்டுபிடிப்பு. பள்ளியில் வேலை பார்த்த சாதாரண ஊழியர் பிள்ளைகளிடம் அத்துமீறியது தெரிந்தால், பொதுவாகக் காவல்துறைக்குச் சொன்னார்கள். சபையைச் சேர்ந்த துறவி செய்தது தெரிந்தால், உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இது குற்றம், காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம் என்பது தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். "அந்தக் காலத்தில் யாருக்கும் இதைப் பற்றி விவரம் போதாது" என்ற சமாதானத்தை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். தோட்டக்காரன் செய்தால் குற்றம், அருட்சகோதரர் செய்தால் சோதனையில் விழுந்துவிட்டார், ஜெபம் செய்து திருந்தட்டும்.

சொல் மாறியதும் எல்லாம் மாறிவிடுகிறது. குற்றம் என்றால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நீதி வேண்டும். பாவம் என்றால் அது பாவிக்கும் கடவுளுக்கும் இடையிலான கணக்கு. குழந்தை அந்தக் கணக்கிலேயே இல்லை. மனம் வருந்தினார், தவம் இருந்தார், மன்னிக்கப்பட்டார், வேறு ஊருக்கு அனுப்பப்பட்டார். போன ஊரில் இருந்த பெற்றோருக்கு மட்டும் ஒன்றும் சொல்லப்படவில்லை. மன்னிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியை எந்த மேலிடமும் தன்னிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சில இடங்களில் இடமாற்றம் நாட்டையே தாண்டியது. மெல்போர்னின் அடாஸ் இஸ்ரேல் என்ற யூதச் சமயப் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்த மல்கா லைஃபர்மேல் 2008-ல் புகார் எழுந்தது. சில மணி நேரத்தில் அவர் இஸ்ரேலுக்கு விமானம் ஏறிவிட்டார். பயணத்துக்கு ஏற்பாடு செய்தது பள்ளியைச் சார்ந்தவர்களே. அவரைத் திரும்பக் கொண்டுவர 2021 ஆனது. 2023-ல் 15 ஆண்டு சிறைத் தண்டனை. அந்த ஒரு இரவின் அவசரத்துக்கு, அவரிடம் படித்துப் பாதிக்கப்பட்ட சகோதரிகள் பதினைந்து ஆண்டு விலை கொடுத்தார்கள்.

ஆவணங்களுக்கும் இதே கதி. இங்கிலாந்தில் பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய ஆம்பிள்ஃபோர்த், டவுன்சைட் பள்ளிகளைப் பற்றிய பொது விசாரணை அறிக்கை 2018 ஆகஸ்டில் வந்தது. டவுன்சைட் தலைமையாசிரியராக இருந்த துறவி 2012-ல் ஊழியர் கோப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பல நடை போய், வளாகத்தின் ஓரத்தில் தீ வைத்திருக்கிறார். பழைய காகிதங்களை ஒழித்ததாக விளக்கம் சொன்னார். எந்தக் கோப்பில் யாருடைய புகார் இருந்தது என்பதை இனி ஒருவரும் சொல்ல முடியாது. 1950-ல் நடந்ததல்ல இது. இங்கிலாந்துக் கத்தோலிக்கத் திருச்சபை பிள்ளைகளின் பாதுகாப்புக்காக நோலன் குழுவின் பரிந்துரைகளை ஏற்றுப் பத்தாண்டு கடந்த பிறகு நடந்தது. விதிப்புத்தகம் அலமாரியில் இருந்தது. தீ வெளியே எரிந்தது.

அரசு என்ன செய்துகொண்டிருந்தது?

டண்டரோவில் பாதிக்கப்பட்ட ஓ'கீஃப் பெரியவளாகி அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். அதில் அயர்லாந்து அரசின் வாதம் இதுதான்: அது எங்கள் பள்ளி அல்ல; சம்பளம் தருகிறோம், பாடத்திட்டம் வகுக்கிறோம், ஆனால் நிர்வாகம் திருச்சபையுடையது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2008-ல் இதை ஏற்றுக்கொண்டது. ஓ'கீஃப் விடவில்லை. 2014 ஜனவரி 28 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு அரசைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. பள்ளிகளை வேறொருவரிடம் ஒப்படைப்பதால் பிள்ளைகளைக் காக்கும் கடமை கைமாறுவதில்லை என்றது. பெற்றோர் நேரடியாக அரசிடம் முறையிட ஒரு வழிகூட வைக்காததே தவறு என்றது. 1971-ம் ஆண்டுப் புகார் பாதிரியாரிடம் போனதற்குக் காரணம் இதுதான். அவரைத் தவிரப் போக இடம் இருக்கவில்லை.

ஒப்படைப்பதில் அரசுகளுக்கு ஒரு வசதி உண்டு. கட்டடம், விடுதி, குறைந்த சம்பளத்துக்கு இரவு பகலாக உழைக்கும் ஆட்கள், எல்லாம் சமய அமைப்புகளிடம் இருந்தன. தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அயர்லாந்தின் தொழிற்பள்ளிகள் அப்படித்தான் நடந்தன. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் சுமார் 1,50,000 பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகளும் அரசுப் பணத்தில் பெரும்பாலும் திருச்சபைகளால் நடத்தப்பட்டவைதான். இப்படிச் செலவு மிச்சம் பிடிக்கும் அரசு, அதே அமைப்பைக் கடிந்து கேள்வி கேட்குமா? ரையன் அறிக்கை அயர்லாந்துக் கல்வித் துறையைப் பற்றிச் சொல்வது சபைகளின்முன் அது பணிந்து, அடங்கி நின்றது என்பது.

ஆய்வு இல்லாமல் இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட உறைவிடப் பள்ளிகளை ஆய்வு செய்யும் பொறுப்பு அயர்லாந்தில் ஒரே ஒருவர் தலையில் இருந்தது. அவர் வருவது பள்ளிக்கு முன்கூட்டியே தெரியும். படுக்கை விரிப்பு, உணவு, உடை பார்ப்பார். பிள்ளையைத் தனியே அழைத்து "இங்கே உனக்கு எப்படி இருக்கிறது" என்று கேட்காத ஆய்வு, சுவருக்கு வெள்ளையடிக்க வைக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

பிரான்ஸின் நோத்ர-தாம் தெ பெத்தாராம் என்ற கத்தோலிக்கப் பள்ளியில் 1996-ல் நடந்தது இன்னும் மோசம். ஒரு மாணவனின் செவிப்பறை கிழியும்படி அறைந்ததாக அவன் தந்தை புகார் கொடுத்திருந்தார். கல்வித் துறை ஆய்வாளர் ஒருவர் வந்தார். ஒரே நாள். மூன்று பக்க அறிக்கை. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தும் பள்ளி அல்ல இது என்று முடித்துவிட்டார். பின்னர் அதே பள்ளியின் பழைய மாணவர்கள் அடி உதை முதல் பாலியல் வன்கொடுமை வரை 200-க்கும் மேற்பட்ட புகார்களைக் கொடுத்தார்கள். 2025-ல் நாடாளுமன்றக் குழு அதை விசாரித்து அறிக்கை வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு நாடாளுமன்ற அறிக்கை, அரசு நிதி பெறும் தனியார் பள்ளிகளின் கணக்கு வழக்குகள் சரிபார்க்கப்படும் வேகத்தைக் கணக்கிட்டது. ஒரு பள்ளிக்கு 1,500 ஆண்டுகளுக்கு ஒருமுறை முறை வருமாம்.

பதிவே இல்லாத இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாலை நேர வேத வகுப்பு, வார இறுதி மறைக்கல்வி, வீட்டின் ஓர் அறையில் நடக்கும் குர்ஆன் பாடம் ஆகியவை பல நாடுகளில் பள்ளி என்ற சட்ட வரையறைக்குள்ளேயே வருவதில்லை. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர் தன் 16, 17 வயது மாணவரோடு பாலுறவு கொண்டால் குற்றம் என்று 2003-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மத போதகருக்கு அந்தச் சட்டம் நீட்டிக்கப்பட்டது 2022-ல். இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஓர் உறைவிடப் பள்ளியை நடத்தியவர் 2016 முதல் 2021 வரை 13 மாணவிகளை வன்புணர்ந்தார். சிலர் அங்கேயே பிள்ளை பெற்றார்கள். ஐந்தாண்டுகள் உள்ளே போய்ப் பார்த்த அதிகாரி ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு குடும்பம்தான் தன் மகளைப் பார்த்துக் கண்டுபிடித்தது.

காவல் நிலையம்வரை போய்விட்டால் புகார் பிழைத்துவிடும் என்று நினைக்கவும் முடியவில்லை. வங்கதேசத்தின் ஃபெனி மாவட்டத்தில் நுஸ்ரத் ஜஹான் ராஃபி 2019 மார்ச் 27 அன்று தன் மத்ரஸாவின் தலைவர்மேல் புகார் கொடுத்தாள். பொறுப்பு அதிகாரி அவள் அழுதுகொண்டே சொன்னதைத் தன் கைபேசியில் படம் பிடித்தார். அது வெளியே பரவியது. ஏப்ரல் 6 அன்று தேர்வெழுதப் போனவளை மாடிக்கு அழைத்துப் போய், வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லி மிரட்டி, மறுத்ததும் தீ வைத்தார்கள். நான்கு நாளில் இறந்தாள். ஆறே மாதத்தில் 16 பேருக்கு மரண தண்டனை வந்தது. அந்த அதிகாரிக்கு எட்டு ஆண்டு சிறை. நாடே கொதித்ததால் வந்த வேகம் அது. அவள் குழந்தைகூட அல்ல, வயது வந்த மாணவி. என்ன நடந்தது என்பதைச் சொல்லத் தெரிந்தவள், கடைசிவரை சொன்னதை மாற்றாதவள். அவளுக்கே இந்தக் கதி என்றால் விடுதியில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளை எந்தத் தைரியத்தில் வாய் திறக்கும்?

திறக்காமலேதான் பெரும்பாலோர் வளர்கிறார்கள். ஆஸ்திரேலிய ராயல் கமிஷன் ஐந்தாண்டுகளில் 8,000-க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டது. தமக்கு நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல அவர்களுக்கு ஆன காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். வழக்குத் தொடர மூன்று ஆண்டு, ஆறு ஆண்டு என்று கெடு வைத்த சட்டங்கள் இந்த எண்ணின் முன் என்ன ஆகும்? வாய் திறக்கும்போது கதவு பூட்டியிருக்கும். அந்தப் பூட்டு யாருக்கு உதவியது என்பதும் வெளிப்படை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015-ல் குழந்தைக் கொடுமை வழக்குகளுக்கான காலவரம்பை நீக்கியது. நியூயார்க் 2019-ல் தளர்த்தியது. இரண்டு இடங்களிலும் பல பத்தாண்டு பழைய வழக்குகள் வந்து குவிந்தன.

தீர்வு என்று வரும்போது பெரும்பாலான சமய அமைப்புகள் உள் விசாரணைக் குழுவை நீட்டுகின்றன. வத்திக்கான் 2019-ல் கொண்டுவந்த விதி, அருட்பணியாளர்கள் இப்படிப்பட்ட புகார்களைத் திருச்சபை அதிகாரிகளுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. காவல்துறை விஷயத்தில் அந்தந்த நாட்டுச் சட்டப்படி நடக்கச் சொல்லி விட்டுவிடுகிறது. முன்பிருந்ததற்கு இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் புகார் இன்னமும் மேல்நோக்கிப் போகிறது, வெளியே போகவில்லை. எந்த அமைப்பின் பெயர் கெடுமோ அந்த அமைப்பே முதலில் படிக்கும் புகார், எவ்வளவு நல்லவர்கள் கையில் இருந்தாலும் ஆபத்தில் இருக்கிறது.

வெளியே போக வைக்கச் சட்டங்கள் உண்டு. இந்தியாவின் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் 21-வது பிரிவில் ஓராண்டுவரை சிறை. ஆசிரியரோ மத நிறுவன ஊழியரோ செய்தால் தண்டனை கூடும். விக்டோரியா 2014-ல் தெரிந்தும் சொல்லாததையும், 2015-ல் தடுக்கும் பொறுப்பில் இருந்தும் தடுக்காததையும் தனித்தனிக் குற்றங்களாக்கியது. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று கைகழுவிய தாளாளரிடம், "ஒன்றும் செய்யாததுதான் குற்றம்" என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இந்தப் பிரிவுகளில் குற்றவாளியோடு சேர்த்து நிர்வாகியையும் கூண்டில் ஏற்றும் மன உறுதி காவல்துறைக்கு வேண்டும். கூட்டம் சேர்க்கக்கூடிய, வாக்கு வாங்கித் தரக்கூடிய நிறுவனங்கள் முன் அந்த உறுதி எளிதில் தளர்கிறது.

உள்ளேயிருந்து ஒருவர் எழுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். பெர்லினின் கனிசியஸ் கல்லூரிப் பள்ளிக்கு முதல்வராக இருந்த இயேசு சபைத் துறவி கிளவுஸ் மெர்டெஸ், 2010 ஜனவரியில் பழைய மாணவர்கள் சுமார் 600 பேருக்குக் கடிதம் எழுதினார். 70-களிலும் 80-களிலும் இங்கே கொடுமை நடந்திருக்கிறது, வேறு யாரும் பாதிக்கப்பட்டிருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். ஜெர்மனி முழுவதும் மடை திறந்தது. ரெகன்ஸ்பர்க் தேவாலயப் பாடகர் பள்ளியில் மட்டும் 547 சிறுவர்கள் அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்ததாக 2017-ல் வந்த அறிக்கை சொன்னது. மெர்டெஸை அவருடைய சபையைச் சேர்ந்தவர்களிலேயே சிலர் கூட்டைக் கலைத்தவர் என்று ஏசினார்கள். அவர் செய்தது ஒன்றுதான். பள்ளியின் பெயரைப் பிள்ளைகளுக்குக் கீழே வைத்தார்.

டண்டரோ வழக்குக்கு இன்னொரு பகுதி உண்டு. 2014-ல் ஓ'கீஃப் வென்ற பிறகு, அவரைப் போலப் பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்கு அயர்லாந்து அரசு இழப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. அதில் ஒரு நிபந்தனை: உங்களுக்கு இது நடக்கும் முன்பே அதே ஆசிரியர்மேல் வேறொருவர் புகார் கொடுத்திருந்தார் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். எந்தப் புகாரைப் பாதிரியார்கள் எழுதி வைக்கவில்லையோ, எந்தப் புகாரை வாங்க அரசு ஓர் அலுவலகம்கூடத் திறக்கவில்லையோ, அந்தப் புகாரின் நகலைக் கொண்டுவரச் சொன்னார்கள். விண்ணப்பித்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2019 ஜூலையில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் இந்த நிபந்தனை ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புக்கே முரணானது என்று சொன்ன பிறகு, பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அந்த இசை வகுப்பு நடந்து அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.